டாங்கி மூடியைத் திறந்து பார்

ஹட்டன்,
ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

"வண்டி நின்றுவிட்டது, வரவில்லை" என்று ஒரே வரி அனுப்பியிருந்தாய். தீபாவளிப் பலகாரத்தை அம்மா இன்னும் டப்பாவில் மூடி வைத்திருக்கிறாள். அது கிடக்கட்டும். எந்த இடத்தில் நின்றது, அப்போது பெற்றோல் பம்ப் என்ன சத்தம் போட்டது என்று எழுதவில்லையே? மொரிஸ் மைனர் காரில் அதைக் கேட்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது.

அவிசாவளை வரை ஒழுங்காக ஓடி, கித்துல்கல தாண்டி ஏற்றத்தில் நின்றதா? நின்றவுடன் பெற்றோல் டாங்கி மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டியும் பிடித்துக்கொண்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிடு.

இல்லையென்றால் சாவியை மட்டும் திருப்பி பம்பைக் கேள். படபடவென்று தட்டி அடங்கினால் பெரும்பாலும் காபரேட்டரில் பெற்றோல் நிற்கும் கிண்ணம் நிரம்பிவிட்டது. அடங்கியும் வண்டி பிடிக்காவிட்டால் கிண்ணத்தைத் திறந்து பார். பெற்றோலை உள்ளே விடும் ஊசி ஒட்டிக்கொண்டு கிண்ணம் காய்ந்திருக்கலாம். விடாமல் தட்டினால், டாங்கியிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. முக்கி முக்கித் தட்டி, பம்பும் சுட்டால், இழுக்கிற பக்கம் அடைப்பு. சத்தமே இல்லையா? எர்த் வயரைப் பார், ஸ்குரூட்ரைவர் பிடியால் பம்பை மெதுவாகத் தட்டு. உயிர் வந்தால் உள்ளே கரண்ட் தொடும் பொயின்ட் கருகியிருக்கிறது.

பிறகு காபரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு, ஒரு நிமிஷம் சாவியைப் போட்டு வை. அரை லீற்றர் வர வேண்டும். ஒரு கோப்பைதான் வந்தால் சமதரையில் ஓடும், ஏற்றத்துக்குப் பத்தாது. குழாயைக் கழற்றும் முன் என்ஜின் நன்றாக ஆறட்டும். இதில் காபரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம், ஒரு சொட்டுத் தெறித்தாலும் ஆபத்து. அந்தச் சூட்டில்தான் சில நாள் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிறது. பம்பிலும் குழாயிலும் ஈரத்துணி போட்டால் சூடு இறங்கும்.

உனக்கு இதெல்லாம் தெரியும். 0.012 அங்குல இடைவெளியில் வால்வு டப்பட் வைக்கிற பொம்பளப் பிள்ளை இந்த மலையில் யார் இருக்கிறாள் என்று கடையடியில் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். அவ்வளவு தெரிந்தவள் "நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதுவாளா?

வளைவில் நிறுத்தாதே. மூடியைத் திறந்து பார்.

மூடி, பம்ப், சூடு என்று சுற்றிச் சுற்றி எழுதுகிறேன். முதலில் எழுத வேண்டியது வேறு. டாங்கிக்குள் துரு இருக்கிறது. நீ வண்டியை எடுத்துப்போகும் முன்பே எனக்குத் தெரியும். அடிப் பிளக்கைக் கழற்றினபோது செம்மண் தண்ணி மாதிரி வந்தது. பின்னால் டாங்கியோடு சின்ன பில்டர் ஒன்றைப் போட்டுவிட்டு, "ஒன்றுமில்லை, கொண்டுபோ" என்றேன். அடைத்தால் இங்கேதானே கொண்டுவருவாய் என்று ஒரு நினைப்பு. வா என்று கேட்க வாய் வரவில்லை. ஓடும்போது துரு கிளம்பி வந்து அடைக்கும், நின்றால் திரும்பப் படிந்துவிடும். அதனால்தான் பத்து நிமிஷத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும். பின்னால் லொறி வர நீ ஏற்றத்தில் நிற்பாய் என்று நான் யோசிக்கவே இல்லை. பிழை என்னுடையது.

பில்டரை மாற்று, இரண்டு மிச்சம் வைத்துக்கொள். பம்புக்குள் இருக்கும் வலையையும் கழுவு. குழாய்க்குக் காற்றடிப்பதென்றால் பம்பைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, டாங்கிப் பக்கமாக அடிக்கச் சொல். பம்புக்குள் அடித்தால் வால்வு போய்விடும். டாங்கியை வெல்ட் பண்ணுகிறேன் என்று எந்த மெக்கானிக் பாஸ் சொன்னாலும் விடாதே. காலி டாங்கிதான் வெடிக்கும். இங்கே கொண்டு வந்தால் நானே இறக்கிக் கழுவித் தருகிறேன்.

அம்மாவும் நானும் எதுவும் கேட்க மாட்டோம். வளைவில் மட்டும் நிறுத்தாதே.

இடப்பக்க சீட்டில் ஒரு ஸ்பிரிங் வெளியே நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்குக் குத்தும். சாக்கை மடித்துப் போட்டுவிடு.

அப்பா