டாக் வாங்காதே, முதலில் இதைப் படி

மயிலாடுதுறை
ஞாயிறு இரவு

அன்புள்ள ராஜி,

இங்கே நலம். அங்கே மாப்பிள்ளை, அத்தை, சின்னவள் எல்லோரும் நலம்தானே? பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று தடவை போன் பண்ணினாய். இரண்டு தடவை நான் எடுக்கவே இல்லை. ஒரு தடவை எடுத்து, "அப்புறம் பேசறேன்டி" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறத்துக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். முதலில் அவசரம்.

நேற்று ஒரு டாக்கிங் ஸ்டேஷன், அதாவது லேப்டாப்பின் ஒரே ஓட்டையில் மானிட்டர், கீபோர்டு எல்லாம் மாட்ட வைக்கும் 'டாக்' பெட்டி, அதன் படத்தை அனுப்பி, "இரண்டு மானிட்டர் வந்தாச்சு, இதை வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாயே, அதை வாங்காதே. வாங்கியிருந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. பெட்டியின் மேல் 'டூயல் 4கே', அதாவது மிகக் கூர்மையான 4கே திரை இரண்டு, என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான், பொய் இல்லை. ஆனால் உன் ஆப்பிள் மேக் லேப்டாப்பில் அதைச் செருகினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும். ஆன்லைன் வகுப்பெடுக்கும்போது ஒன்றில் பிள்ளைகள் முகம், இன்னொன்றில் கணக்கு என்று ஆசையாக எழுதியிருந்தாய். அது நடக்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே பாடத்தைப் பங்குனி முழுக்கப் படித்தேன்.

என் லேப்டாப்பில் ஒரு டைப் சி ஓட்டை இருக்கிறது. கடைக்காரரிடம் அதைக் காட்டி, இரண்டு மானிட்டர் மாட்ட வேண்டும் என்றேன். "டைப் சிதானே மேடம், எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு டாக்கை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் வந்து மாட்டினேன். கீபோர்டு வேலை செய்தது, மவுஸ் வேலை செய்தது, பென் டிரைவ் திறந்தது. மானிட்டர் இரண்டும் 'நோ சிக்னல்' என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டன. வயரைக் கழற்றி மாட்டினேன். ஹெச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு டிவி பெட்டியில் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று ஓடியது. கடையில் கேட்டால் பெட்டி பிரித்தாகிவிட்டது, திருப்ப முடியாது என்கிறார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை ராஜி.

அப்புறம் கும்பகோணத்திலிருந்து அக்கா மகன் வந்தான். டாக்கைத் தொடவே இல்லை. டார்ச் அடித்து லேப்டாப்பின் விலாவைப் பார்த்தான். "சித்தி, இங்க பாருங்க" என்றான். டைப் சி ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சூலம், அதோடு இரண்டு எஸ். அவ்வளவுதான். "இதுக்குப் பக்கத்துல டி எழுத்து மாதிரி ஒரு குறி இருந்தா படம் வரும். மின்னல் இருந்தா தண்டர்போல்ட்னு இன்னும் வேகமான இணைப்பு, இன்னும் நல்லது. வெறும் சூலம்னா டேட்டா மட்டும்தான்." எல்லாக் கம்பெனியும் குறி போடுவதில்லையாம். அதனால் மாடல் நம்பரைப் போட்டு, அந்த ஓட்டையில் டிஸ்ப்ளேபோர்ட், அதாவது மானிட்டருக்குப் படம் அனுப்பும் வசதி, உண்டா என்று கம்பெனியின் இணையப் பக்கத்திலேயே பார்ப்பதுதான் உறுதி.

விஷயம் இதுதான். டைப் சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும். அதற்குள் டேட்டா வருமா, கரண்டு வருமா, படம் வருமா என்பது லேப்டாப் செய்தவன் உள்ளே என்ன வைத்தான் என்பதைப் பொறுத்தது. லேப்டாப் கொடுக்காததை டாக் எங்கிருந்து கொடுக்கும்? வறண்ட கிணற்றில் எத்தனை குழாய் போட்டால் என்ன? ஆனால் கடையில் எல்லோரும் டாக்கைத்தான் காட்டுகிறார்கள். "உங்க லேப்டாப் என்ன மாடல்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

இப்போது உன் மேக்குக்கு வருகிறேன். மேல் மூலையில் ஆப்பிள் படத்தை அமுக்கி, 'அபவுட் திஸ் மேக்' பார். பாப்பா 2021ல் வாங்கினாள் என்றால் அது அநேகமாக எம்1 சிப் உள்ள மேக்புக் ஏராக இருக்கும். அந்தச் சிப் வெளியே ஒரே ஒரு மானிட்டருக்குத்தான் படம் கொடுக்கும். எம்2 ஏரும் அப்படித்தான். 2024ல் வந்த எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு மானிட்டர் ஓடும், ஆனால் மூடினால் கேமரா போய்விடும், நீ எப்படி வகுப்பெடுப்பாய்? 2025ல் வந்த எம்4 ஏரில்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டும் ஓடுகின்றன. இன்னொன்று, ஒரே வயரில் இரண்டு மானிட்டருக்கும் தனித்தனிப் படத்தை அடுக்கி அனுப்பும் முறை ஒன்று உண்டு, எம்எஸ்டி என்பார்கள். 2010ல் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வந்தபோது கூடவே வந்தது. நீ காட்டிய டாக் அந்த வகை. விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளும். மேக் அப்படி விரித்துக் காட்டாது, இரண்டிலும் ஒரே படத்தைப் போடும்.

அப்படியானால் உன் எம்1க்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எனக்குக் கைகொடுத்த வழியும் அதுதான். டிஸ்ப்ளேலிங்க் என்று போட்ட டாக்காகப் பார்த்து வாங்கு. அது வேறு ஜாதி. லேப்டாப்பில் டிரைவர் என்ற சின்ன மென்பொருள் ஒன்றை ஏற்ற வேண்டும். அந்த டிரைவர் படத்தைச் சுருக்கிச் சாதாரண டேட்டாவாக அனுப்பும். டாக்குக்குள் இருக்கும் சிப் அதை விரித்து மானிட்டரில் போடும். பென் டிரைவுக்குப் போகிற பாதையிலேயே படமும் போய்விடுகிறது, அதனால் என் சூலம் போட்ட ஓட்டையிலேயே வேலை செய்தது.

அதிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். சுருக்குகிற வேலை லேப்டாப்பின் தலையில் விழுகிறது, என்னுடையதில் ஃபேன் சுற்றும். பக்கத்தை வேகமாக நகர்த்தினால் ஒரு நூல் பின்தங்கும். எழுத்துக்கும் கணக்குக்கும் அது ஒன்றும் இல்லை. மேக்கில் போடும்போது 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்' அனுமதி கேட்கும். யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று பதறிப் போன் பண்ணாதே, படத்தை எடுத்து அனுப்ப அதற்கு அந்த அனுமதி வேண்டும். அது ஓடும் வரை ஓடிடி படங்கள் கருப்பாகத் தெரியலாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை படம் பார்க்க வேண்டுமானால் வயரைக் கழற்றிவிட்டுப் பார்க்கட்டும்.

வயர் என்றதும் ஞாபகம் வருகிறது. மேக்குடன் வந்த வெள்ளைச் சார்ஜர் வயரை எடுத்து டாக்கில் மாட்டிவிடாதே. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அது சார்ஜுக்கான வயர், டேட்டா பழைய யூஎஸ்பி 2 வேகத்தில் ஊர்ந்துதான் போகும். டாக்குடன் குட்டையாக ஒன்று கொடுப்பான், அதையே போடு. நீளம் போதவில்லை என்றால் மேசையை நகர்த்து.

என் முதல் டாக் வீணாகவில்லை. அக்கா மகன் தன் ஆபீஸ் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டான். அவனுக்கு 4கே மானிட்டர். அடுத்த வாரமே, "சித்தி, மவுஸ் நொண்டுது" என்றான். பார்த்தால் 30 ஹெர்ட்ஸில், அதாவது படம் நொடிக்கு 30 தடவைதான் மாறி, ஓடுகிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கேள். டைப் சி வயருக்குள் வேகப் பாதை நாலு, நம் நாலுவழிச்சாலை மாதிரி. டாக் அதில் இரண்டை பென் டிரைவு, நெட் எல்லாவற்றுக்கும் ஒதுக்கிவிட்டால் படத்துக்கு மிச்சம் இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 கணக்கில் அந்த இரண்டில் நொடிக்கு 8.64 கிகாபிட்தான் போகும். 4கே படம் நொடிக்கு 60 தடவை வர அதற்கு மேல் வேண்டும், அதனால் பாதியாக்கி 30 தடவை அனுப்புகிறது. ஃபுல் ஹெச்டி மானிட்டர் இரண்டு என்றால் அதே பாதையில் 60லேயே தாராளமாகப் போகும். நீ வாங்கியது ஃபுல் ஹெச்டிதானே? நல்லதாகப் போயிற்று.

என் மவுஸும் நொண்டியது, ஆனால் காரணம் வேறு. வயர் இல்லாத மவுஸின் குட்டி ரிசீவரை டாக்கின் நீலநிற யூஎஸ்பியில் செருகியிருந்தேன். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்காரர்களே 2012ல் எழுதிவைத்திருக்கிறார்கள், மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு முழ எக்ஸ்டென்ஷன் வயரில் ரிசீவரைத் தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது.

அப்புறம் கழுத்து. மானிட்டரின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்மைப் போல இரட்டைக் கண்ணாடி போட்டவர்களுக்கு அது சரிவராது. கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து மாலைக்குள் கழுத்து கல்லாகிவிடும். நாலு விரல் கீழே இறக்கு. அடிக்கடி பார்ப்பதை நேர் எதிரே வை, மற்றதைப் பக்கத்தில் சாய்த்து வை. டைப்பிங் கிளாஸ் மாஸ்டர் நம்மை எப்படி உட்கார வைத்தார்? அடிக்க வேண்டிய மேட்டர் பக்கவாட்டில், முதுகு நேராக, கண் மேட்டரில். நீ மூன்றாவது மெஷினுக்கு அடித்துக்கொண்ட காலத்திலிருந்தே இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே.

இவ்வளவு நேரம் டாக்கைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லக் கை வரவில்லை, அதுதான்.

அப்பாவுக்கு மாசியில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, படிக்கவும் முடிகிறது, வார்த்தை மட்டும் வாயில் உருப்பெற்று வெளியே வர மறுக்கிறது. உன் போனை எடுத்தால் முதல் கேள்வியே, "அப்பா எப்படி இருக்கார், இன்னும் புள்ளி கமா சொல்றாரா?" என்றுதான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தெம்பில்லாமல்தான் போனை எடுக்கவில்லை ராஜி. என்னை மன்னித்துவிடு.

உனக்குத் தெரியும், பதினெட்டு வருஷமாக என் புரூஃப் பார்க்கும், அதாவது அச்சுப்பிழை திருத்தும் வேலை அவர் குரலில்தான் நடந்தது. அச்சகத்தில் பழகிய பழக்கம். மூலத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு, "கமா, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி" என்று சத்தமாகப் படித்துக்கொண்டே போவார், நான் திரையைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போவேன். மாசிக்குப் பிறகு அந்தக் குரல் இல்லை. மூலத்தை ஒரு திரையிலும் தட்டச்சை இன்னொரு திரையிலும் வைத்துக்கொண்டால் நானே தனியாகச் செய்துவிடலாம் என்றுதான் இரண்டு மானிட்டர் வாங்கினேன்.

இடது மானிட்டரை 90 டிகிரி திருப்பி நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறேன். டெம்மி அளவுப் புத்தகப் பக்கம் ஒன்று முழுசாக, உருட்டாமல், தலையிலிருந்து கால் வரை தெரிகிறது. இப்போது கையில் இருப்பது பழைய வைத்திய நூல் ஒன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. றாவும் னாவும் சுழிந்துகொண்டு, லையும் ணையும் தலைக்கு மேல் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கம்ப்யூட்டர் அவற்றைக் கண்டபடி படித்து எழுத்தாக்கி வைத்திருக்கிறது. அதோடு ரகரமும் துணைக்காலும் மங்கின அச்சில் ஒன்றுபோலவே இருக்கும்.

சித்திரையில் ஒருநாள் அப்பாவின் நாற்காலியைத் தள்ளிவந்து என் பக்கத்தில் போட்டேன், சும்மா துணைக்கு. அவர் நிமிர்ந்த மானிட்டரைப் பார்த்தார், படுத்த மானிட்டரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் போனேன். இடது கையால் மேசையைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமோ என்று எழுந்தேன். மறுபடியும் தட்டினார். விரலை நீட்டிப் படுத்த மானிட்டரில் ஒரு வரியைத் தொட்டார், அப்புறம் நிமிர்ந்த மானிட்டரில் அதே வரியைத் தொட்டார். 'நாளுக்கு இரண்டு தாம்' என்று நான் விட்டிருந்தேன். தாம் என்பதும் வார்த்தைதானே, பிழைதிருத்தி கோடு போடவில்லை, என் கண்ணும் தாண்டிவிட்டது. மூலத்தைப் பெரிதாக்கினேன். 'நாளுக்கு இரண்டு தரம்'. காலில்லை, ரகரம்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்துக்கு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் மேலே போ. போன புதன்கிழமை கரண்டு போய் டாக்கும் மானிட்டரும் அணைந்தபோது என்னைவிட அவருக்குத்தான் கோபம். அதற்காகவே டாக்கையும் மானிட்டர்களையும் இன்வெர்ட்டர் லைனில் மாற்றிவிட்டேன்.

சரி, நீ மேக்கின் 'அபவுட் திஸ் மேக்' திரையைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு எந்த டாக் என்று சொல்கிறேன். ஆவணியில் வருவதாகச் சொன்னாயே, பேச்சு மாறாதே. காலை பத்து மணிக்குள் வந்துவிடு, அப்பாவுக்கு வலப்பக்கம் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். சின்னவளுக்கு என் அன்பு.

உன்,
மங்கை