லாகின் மாட்யூலுக்குச் சான்றிதழ்: ஆள் தேவை

நண்பர்களே, வணக்கம். நம் வெப் ஃபிரேம்வொர்க் முழுவதற்கும் ஒரே சான்றிதழ் வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அப்படி ஒன்று கிடையாது. டபிள்யூ3சி என்ற அமைப்பு இணையத் தரங்களை வகுக்கும், மென்பொருளுக்குச் சான்று தராது.

ஆனால் லாகின் மாட்யூலுக்கு வழி உண்டு. ஓபன்ஐடி ஃபவுண்டேஷன் 2015 முதல் ஓபன்ஐடி கனெக்ட் என்ற லாகின் நெறிமுறையைச் சரியாகப் பின்பற்றும் மென்பொருளுக்குச் சான்று தருகிறது. அவர்களுடைய சோதனைத் தொகுப்பே திறமூலம்தான்; நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கக் காசு வேண்டாம்.

சோதனை கொஞ்சம் குசும்பு பிடித்தது. நாம் அனுப்பிய நான்ஸுக்கு (ஒருமுறை மட்டும் பயன்படும் மதிப்பு) பொருந்தாத ஐடி டோக்கனை (பயனர் யார் என்று சொல்லும், கையொப்பமிட்ட தரவு) வேண்டுமென்றே திருப்பி அனுப்பும். அப்புறம் கையொப்பம் தவறான ஒன்று, பெறுநர் பெயர் மாறிய ஒன்று. எல்லாவற்றையும் நம் நிரல் மறுக்க வேண்டும். ஒன்றை ஏற்றாலும் தோல்விதான். சான்றிதழை விட இந்தப் பரிசோதனைதான் நமக்குப் பெரிய லாபம் என்பது என் கருத்து.

இது சுயசான்று முறை. நாமே ஓட்டி, லாக் கோப்புகளை இணைத்து, உறுதிமொழியில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும். அதனால் திட்டத்தின் சார்பில் யார் கையெழுத்திடுவது என்பதை முதலில் முடிவு செய்வோம்.

சோதனைத் தொகுப்பை ஓட்ட, டாக்கர் (மென்பொருளைத் தனிக் கொள்கலனில் இயக்கும் கருவி) தெரிந்தவர்கள் இருவர் வேண்டும். முடிந்தவர்கள் இங்கேயே கை தூக்குங்கள்.