காட்டுக்குப் போனது எங்கள் தப்பா?

அனுப்புநர்: வில்லாபுரம், மதுரை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முதுகுப்பை இரண்டும் வீணானது, பணத்தைத் திருப்பித் தராமல் அலைக்கழிப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

பச்சை நிற 60 லிட்டர் பையையும் சாம்பல் நிற 45 லிட்டர் பையையும் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, நீங்கள் செய்தவைதானே. ஏப்ரல் 12 அன்று பைபாஸ் ரோட்டில் உள்ள உங்கள் ஷோரூமில் 6,499-க்கும் 5,299-க்கும் வாங்கினோம், பில் நகல் இணைத்திருக்கிறேன். மலேசியாவில் மழைக்காட்டுக்குப் போகிறோம், தாங்குமா என்று என் மனைவி இரண்டு தடவை கேட்டார். "அருவிக்கு அடியிலேயே வைக்கலாம் மேடம்" என்றார் விற்பனையாளர். அருவிக்கெல்லாம் நாங்கள் போகவே இல்லை.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பஸ்ஸில் ஜெராந்துட், பிறகு வேனில் கோலா தகான். ஆற்றைச் சின்னப் படகில் தாண்டினால் தாமான் நெகாரா காடு. 13 கோடி வருடப் பழமையான காடு என்கிறார்கள். போனது மே மாதம், அங்கே அடைமழைக் காலம் நவம்பரில்தான். ஆனால் மழைக்காட்டில் சாயங்காலம் மழை பெய்ய காலம் எதற்கு? பை செய்கிறவர்களுக்கு இது தெரியாதா?

மிருகங்கள் உப்பு நக்க வரும் இடத்தைப் பார்த்தபடி காட்டுக்குள் மரக்குடில் ஒன்று உண்டு, பும்புன் கும்பாங் என்று பெயர். சுமார் 11 கிலோமீட்டர் நடை. அங்கே கரண்ட் கிடையாது, படுக்கையும் நாமே கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் மனைவியின் பையில் இடது தோள்பட்டை வார் தையலோடு பிய்ந்தது. துப்பட்டாவால் முடிச்சுப் போட்டு மீதி தூரம் அவர் சுமந்தார். காலில் அட்டை ஏறுவதைக் குனிந்து எடுக்கக்கூட முடியவில்லை. அப்புறம் மழை பிடித்தது. உங்கள் மழை உறையைப் போட்டோம். குடிலுக்குப் போய்ப் பையைத் திறந்தால், அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்கிறது. படுக்கைப் பை, மாற்றுத்துணி, கேமரா, மாத்திரை எல்லாம் ஊறிப்போயின. இரவெல்லாம் ஈரத்துணியோடு பலகையில் உட்கார்ந்திருந்தோம். எந்த மிருகமும் வரவில்லை. வந்திருந்தாலும் படம் எடுக்கக் கேமரா இல்லை. பாஸ்போர்ட் மட்டும் தப்பியது. தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கொடுத்த பழைய பிளாஸ்டிக் பையில் மனைவி சுற்றி வைத்திருந்தார். அது ஓசியில் வந்தது, உங்களுடையது 6,499.

சரி, பொருள் என்றால் பழுது வரும், அதற்காக மட்டும் இவ்வளவு எழுத மாட்டேன். உங்கள் கஸ்டமர் கேரில் ஜூன் 9 அன்று பேசிய தம்பிக்காகத்தான் எழுதுகிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ஜோடியாப் போறவங்க கொடைக்கானல் போக வேண்டியதுதானே சார். அட்டைக்காட்டுக்குப் போனா இப்படித்தான்." பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டேன், லைனைத் துண்டித்துவிட்டார். பதிவு செய்யப்படும் என்று தொடக்கத்தில் உங்கள் இயந்திரமே சொல்கிறது. தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

அதற்கு முன்பே ஷோரூம்காரர் "நாங்க விற்கிறதோட சரி" என்று கையைக் கழுவிவிட்டார். உங்கள் வலைத்தளத்தில் கோவை சர்வீஸ் சென்டர் முகவரி இருந்தது, பையை நேரில் கொண்டுவரச் சொல்லி உங்களிடமிருந்தே எஸ்.எம்.எஸ். வந்தது. லீவு போட்டு, விடியற்காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, பூஞ்சை வாடை அடிக்கும் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்திலேயே எழுந்து பின்னால் போய்விட்டார். அங்கே போனால், "இங்க ஷூ மட்டும்தான் சார் பாக்குறோம்." ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அன்று இரவு பதினொரு மணிக்குத்தான் வீடு திரும்பினேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பையைக் காயவைக்கும்போது பார்த்தேன், உள்பூச்சு பிசுபிசுவென்று தோல் மாதிரி உரிந்து கையோடு வருகிறது. உள் ஜிப்புக்குப் பின்னால் தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த மாதம் ஜூன் 2019 என்று இருக்கிறது. தண்ணீர் புகாமலிருக்கப் பூசும் பாலியூரித்தேன் பூச்சு வருடக்கணக்கில் புழுக்கத்தில் கிடந்தால் இப்படித்தான் உரியும் என்பது உங்களுக்குத் தெரியாததா? எத்தனை வருடம் குடோனில் கிடந்த சரக்கை எங்கள் தலையில் கட்டினீர்கள்? இதற்குத்தான் பதில் வேண்டும். "பயன்படுத்திய விதத்தால் ஏற்பட்ட சேதம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மூன்று வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் போன பயணம் அது. இனி இப்படி ஒன்று எங்கள் வாழ்க்கையில் வராது. பைக்கு 11,798 ரூபாய், கேமரா, கோவைப் பயணம், போன லீவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. ஆனாலும் நான் நியாயமான ஆள். பை விலையும் கேமரா ரிப்பேருக்கான 8,200 ரூபாயும் கொடுத்துவிட்டு, அந்தத் தம்பியை என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். பதினைந்து நாள் பொறுக்கிறேன்.

இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன். அடுத்தது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீலும் வேண்டாம், நானே வாதாடுவேன். நீங்கள்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரைக்கு வர வேண்டியிருக்கும். அலைவது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும். அந்த நிலைக்குப் போகாமல் முடித்துக்கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பைகள் மொட்டைமாடியில் இருக்கின்றன. உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், வருமுன் போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: அந்தக் கோவை முகவரியை வலைத்தளத்திலிருந்து எடுங்கள். நேற்றும் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.