எத்தனை தடவை ஓட்டினாங்கன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போர்ச் செய்தி வர்றப்போ "கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல இந்த நாடுதான் ஜெயிச்சுது"ன்னு ஒரு வரி வந்துடுது, உங்க பேப்பர்ல மட்டும் இல்ல எல்லாப் பேப்பர்லயும்தான், படிக்கிறவங்க சண்டையே முடிஞ்சுட்ட மாதிரி பேசிக்கிறாங்க, அதான் எழுதுறேன்.

லான்செஸ்டர்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர் 1914-லயே சண்டைக்குக் கணக்கு போட்டார், குறிபார்த்துச் சுடுற சண்டையில ஆள் ரெண்டு மடங்கானா பலம் நாலு மடங்காகும்னு. ஆனா அதுல படைங்கிறது வெறும் ஒரு நம்பர், பயப்படாது, சிதறி ஓடாது. ஏஜென்ட் சிமுலேஷன்னு இப்போ கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கிற பொய்ச் சண்டையில அப்படி இல்ல, ஒவ்வொரு சிப்பாயும் தனித்தனி புள்ளி. 1990-கள்ல அமெரிக்காவுல ஆண்ட்ரூ இலாச்சின்ஸ்கிங்கிற ஆய்வாளர் செஞ்ச ஐசக்ங்கிற புரோகிராம்ல ஒரு புள்ளிக்குக் கண்ணு எவ்ளோ தூரம் எட்டும், துப்பாக்கி எவ்ளோ தூரம் எட்டும், அப்புறம் நம்ம ஆளு, எதிரி, அடிபட்ட நம்ம ஆளு, அடிபட்ட எதிரி, நம்ம கொடி, எதிரி கொடி இந்த ஆறுல எதுகிட்ட போகணும் எதைவிட்டு விலகணும்னு ஆறு நம்பர். சுத்தி வளைங்கடான்னு யாரும் ஆர்டர் போடுறதில்ல, ஓட விட்டா அதுங்களாவே சுத்தி வளைக்குதுங்க! நியூசிலாந்து ராணுவ ஆய்வாளர்கள் செஞ்ச மானாங்கிற புரோகிராமும் இதே வழிதான்.

நானும் சின்னதா ஒன்னு எழுதிப் பார்த்தேன், பக்கத்துக்கு 50 புள்ளி. அடிபட்டவன்கிட்ட போற நம்பரை மட்டும் லேசா ஏத்தினேன், சிவப்பு அணி மொத்தமும் கீழ விழுந்த ஒருத்தனைச் சுத்திக் கும்பலா நின்னு அப்படியே அடிவாங்கி அழிஞ்சுது, பார்க்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேற எதையும் மாத்தாம ரேண்டம் சீடை, அதாவது தற்செயலா நடக்கிறதை எல்லாம் தீர்மானிக்கிற ஆரம்ப நம்பரை, மட்டும் மாத்தி ஓட்டினேன், அதே சிவப்பு அணி ஜெயிச்சுது. இதுக்குத்தான் ஆய்வு பண்றவங்க நூத்துக்கணக்குல ஓட்டி ரிசல்ட் எங்கெங்க பரவிக் கிடக்குன்னு பார்க்கிறாங்க, ஒரு ஓட்டத்தை மட்டும் எடுத்து தலைப்பு போட்டா அது தப்புங்க.

இதைவிட எனக்கு மனசு உறுத்துறது, என்னோட மாடல்ல ஊர் ஜனம்னு ஒரு புள்ளிகூட கிடையாது. குழந்தையைத் தூக்கிட்டு ஓடுறவங்க, வீட்டைவிட்டு நகர முடியாத வயசானவங்க யாருமே இல்ல, அதனால பொதுமக்கள் சேதம் பூஜ்யம்னு வருது, அந்தப் பூஜ்யத்தை யாராவது நிஜம்னு நம்பி முடிவெடுத்தா என்ன ஆகும்?

அதனால அடுத்த தடவை இப்படிச் செய்தி வந்தா, எத்தனை தடவை ஓட்டினாங்க, அதுல எத்தனை தடவை தோத்தாங்க, ஜனங்களை உள்ள வெச்சாங்களான்னு உங்க நிருபர் கேட்டு ஒரு வரி சேர்த்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்