அஞ்சு ரூபாய் டிக்கெட்டுக்கும் ஆள் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிக்கெட் விலையைக் குறைத்தால் தியேட்டருக்கு மறுபடியும் கூட்டம் வரும் என்று போன வாரம் உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கஷாயத்தை எங்கள் பக்கம் ஏற்கெனவே குடித்துப் பார்த்துவிட்டோம்.

நான் நகரிக்காரன். ஆந்திரா என்றாலும் வீட்டில் தமிழ்தான். திருத்தணி பஸ் ஏறினால் அரை மணி. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். வீட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது. அதோடு கூடவே இருபது வருஷம் இங்கே ஒரு தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்ட் ஏலம் எடுத்து நடத்தினேன். படம் எப்படி என்று யாரிடமும் கேட்க மாட்டேன். என்னிடம் 400 ஜோடி தகர வில்லைகள் இருந்தன. ஒன்று ஹாண்டில்பாரில், ஒன்று சைக்கிள்காரர் கையில். ராத்திரி கம்பியில் எத்தனை வில்லை மிச்சம் தொங்குகிறது என்று பார்த்தால் போதும், மறுநாள் போஸ்டர் மாறுமா மாறாதா என்று சொல்லிவிடுவேன்.

சரி, விலைக்கு வருகிறேன். 2021 ஏப்ரலில் ஆந்திர அரசு ஒரு அரசாணை போட்டது. கிராமப் பஞ்சாயத்தில் ஏ.சி. இல்லாத தியேட்டர் என்றால் கீழ் வகுப்பு 5 ரூபாய், நடு வகுப்பு 10, மேல் வகுப்பு 15. எங்களைப் போன்ற நகராட்சிகளில் 15, 30, 50. அப்போது ஒரு கிராமத்துக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்த என் மச்சான் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். டீ பத்து ரூபாய், சினிமா அஞ்சு ரூபாய். பெரிய ஹீரோ படம் என்றால் கூட்டம் வரத்தான் செய்தது; அது எந்த விலையிலும் வரும். மற்ற நாளில் ஒரு காட்சிக்கு 30 பேர். எல்லோரும் கீழ் வகுப்பென்றால் கல்லாவில் 150 ரூபாய். கரண்ட் பில் யார் கட்டுவது? அந்த டிசம்பரில் மாநிலம் முழுக்கப் பல தியேட்டர்காரர்கள் தாங்களே கதவைச் சாத்தினார்கள். 2022 மார்ச்சில் அரசு இறங்கி வந்து, குறைந்த விலையை 20 ஆக்கியது. மச்சான் வேலை செய்த கொட்டகை திறக்கவே இல்லை. அவர் இப்போது தண்ணீர் கேன் போடுகிறார்.

2025 செப்டம்பரில் நூறு ரூபாய்க்குள் உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் அதற்காக எங்கள் தெருவில் யாரும் சட்டையை மாட்டிக்கொண்டு தியேட்டருக்குக் கிளம்பவில்லை.

அப்படியானால் ஆள் எங்கே போனார்கள்? எல்லோரும் செல்போனைக் கை காட்டுகிறார்கள். 2020 மார்ச்சில் தியேட்டர்களை மூடியபோது வீட்டிலேயே படம் பார்க்கும் பழக்கம் வந்தது, நிஜம்தான். ஆனால் என் ஸ்டாண்டில் வில்லைகள் அதற்கு வெகு முன்னாலேயே கம்பியில் தங்க ஆரம்பித்துவிட்டன. தறிக்காரனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும்.

அந்தக் காலத்தில் பாவு, அதாவது தறியில் ஏற்றுகிற நீள நூல், தீர்ந்தால் அரை நாள் லீவு. அடுத்த பாவு ஏறும்வரை தறி சும்மா நிற்கும், ஆள் மேட்னிக்குப் போவான். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் செகண்ட் ஷோ. கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம், தெருவே கிளம்பி வரும். தியேட்டரில் ஜெனரேட்டர் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி போகிறவர்கள் ராத்திரி எங்கள் ஊரில் தங்குவார்கள். அன்றைக்கு விடிய விடியப் படம் ஓடும். திருநீறு பூசிய மஞ்சள் வேட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியபடியே படம் பார்க்கும். காவடியை எங்கே வைப்பது? என் ஸ்டாண்டில்தான். காவடிக்கு மட்டும் நான் வில்லையும் போட்டதில்லை, காசும் வாங்கியதில்லை. மயிலிறகு ஒடிந்தால் யார் பதில் சொல்வது!

இன்னொன்று, தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றவனுக்குக் காது பாதிதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். வீட்டில் பேத்தி பாவு பீம்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் படம் போடுகிறாள். எனக்கு அது கொசு ரீங்காரம் மாதிரி இருக்கிறது. தியேட்டரில் மட்டும்தான் எனக்கு வசனம் முழுசாகக் கேட்டது. எங்கள் தியேட்டரில் டி.டி.எஸ். சவுண்ட் போட்ட புதிதில், சண்டைக் காட்சி வந்தால் வெளியே ஸ்டாண்டில் கம்பியில் தொங்கும் வில்லைகள் கிலுகிலுவென்று ஆடும். உள்ளே போகாமலே எத்தனையாவது ரீல் என்று அதை வைத்துச் சொல்வேன்.

இவ்வளவு ஆசை உள்ளவர்களை எது நிறுத்தியது? என்னைக் கேட்டால் முதலில் மொழி. சென்னையில் தமிழ் பேசும் அதே படம் எங்கள் ஊரில் தெலுங்கு பேசும். சினிமா வியாபாரத்தில் படத்தை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள்; எங்கள் ஊர் ‘சீடட்’ ஏரியா. 1800இல் நிஜாம் வெள்ளைக்காரனுக்கு விட்டுக்கொடுத்த ஜில்லாக்களுக்கு வைத்த பேர் அது. சினிமாக்காரர்கள் இன்னும் அதை விடவில்லை. திருத்தணி செங்கல்பட்டு ஏரியா. அந்த ஏரியாவுக்கு வாங்கினவர் இங்கே திரையிட முடியாது, இங்கே வாங்கினவரிடம் இருப்பது தெலுங்கு டப்பிங். பிலிம் பெட்டி காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரு பிரிண்ட் போட அரை லட்சம்வரை ஆகும், எங்கள் ஊருக்கென்று தமிழ்ப் பிரிண்ட் யார் போடுவார்கள்? நாங்களும் தெலுங்கு தெரிந்தவர்கள்தான், பார்த்தோம். ஆனால் வாய் ஒரு பக்கம் போக வசனம் இன்னொரு பக்கம் வரும். என் மனைவி, “அவர் குரலே இல்லையே இது” என்று பாதியில் எழுந்து வந்திருக்கிறாள்.

செல்போனில் என்ன நடந்தது தெரியுமா? படத்தைத் தொட்டால் எந்த மொழி வேண்டும் என்று கேட்கிறது. நகரியில் பிறந்த என் மனைவியை முதல்முறையாக ஒருவன் தமிழா தெலுங்கா என்று கேட்டது அப்போதுதான். அவள் ஏன் இனி தியேட்டருக்கு வரப்போகிறாள்? எல்லையில் இருக்கிற எங்களுக்கு ஓ.டி.டி. சோம்பேறித்தனம் இல்லை ஐயா. எங்கள் பாஷை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

அடுத்தது நேரம். திருத்தணிக்குப் போய்த் தமிழில் பார்க்கலாமே என்பீர்கள். தறி நிற்கவே ராத்திரி எட்டு ஆகிறது. செகண்ட் ஷோ முடிந்து வெளியே வந்தால் எல்லை தாண்ட பஸ் கிடையாது. ஒருமுறை நாங்கள் ஐந்து பேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு ஐந்து டிக்கெட்டை விட அதிகம்.

எதிர்காலம் பற்றிச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று பார்த்தேன். சூலூர்பேட்டையில் 2019இல் ஒரு தியேட்டர் திறந்தார்கள், திரை அகலம் ஏறத்தாழ 100 அடி. சென்னையில் இத்தனை தியேட்டர் இருக்க, அங்கிருந்து புறநகர் ரயில் ஏறி ஆந்திராவுக்குள் வந்து படம் பார்க்கிறார்கள். நானும் பேரனோடு நாகலாபுரம், சத்தியவேடு வழியாகப் போய்ப் பார்த்தேன். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. காது கேட்டது! அந்த மாதிரி இடத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை திருவிழாவுக்குப் போவதுபோல் ஜனம் போகும். வாரா வாரம் போக ஊருக்குள் ஒன்று வேண்டும், அதுதான் செத்துக்கொண்டிருக்கிறது. நான் ஸ்டாண்ட் நடத்திய தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். புரொஜெக்டர் ரூம் மணமகள் அறை.

மிச்சம் இருக்கிற தியேட்டர்களையும் வாடகை முறை நெருக்குகிறது. எங்கள் மாநிலத்தில் சின்னத் தியேட்டர்கள் பெரும்பாலும் படத்தை வாங்கினவர் கொடுக்கும் வாடகைக்குத்தான் படம் ஓட்டுகின்றன. உங்கள் பக்கம் மாதிரி வசூலில் பங்கு கொடு என்று கேட்டு 2025 ஜூன் 1 முதல் மூடுவதாகத் தியேட்டர்காரர்கள் அறிவித்தார்கள், அப்புறம் பேசி நிறுத்திவைத்தார்கள். அது அவர்கள் கணக்கு. நான் கேட்பது சின்ன விஷயம். இப்போது பெட்டியும் இல்லை, பிரிண்டும் இல்லை, கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கோப்புதான். நகரி, புத்தூர், சித்தூர் போன்ற எல்லை ஊர்களில் தினம் ஒரு காட்சி, ராத்திரி 9.30க்கு, தமிழிலேயே ஓட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு ஏரியாக்காரர்களும் அந்த ஒரு காட்சி வசூலைப் பிரித்துக்கொள்ளட்டும். நூறு ரூபாய் கொடுக்க நாங்கள் தயார். அஞ்சு ரூபாய் வேண்டாம்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் சினிமாப் பக்கத்தில் எந்த ஊரில் எந்தத் தியேட்டரில் என்ன படம், எத்தனை காட்சி என்று பொடி எழுத்தில் போடுவீர்கள். அதைக் கத்தரித்து ஸ்டாண்ட் தட்டியில் ஒட்டி வைத்திருப்பேன். இப்போது அந்த இடத்தில் முழுப் பக்கத்துக்கு ஹீரோ படம்தான் வருகிறது. வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது, திருத்தணித் தியேட்டர்களின் காட்சி நேரத்தையும் கடைசிக் காட்சி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதையும் எங்கள் ஊருக்கு வரும் பதிப்பில் போட முடியுமா?

இப்படிக்கு,
முன்னாள் சைக்கிள் ஸ்டாண்ட்காரர்,
நகரி