சாந்திக்கு, அந்த ஊசி பற்றி

ஹட்டன்
ஐப்பசி

அன்பின் சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தையில் கல்யாணம் என்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அது நேற்றுத்தானே பிறந்தது?" என்கிறார். இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை, துவைத்த உடுப்பு ஒன்றும் காயவில்லை.

சரி, ஊசி விஷயம். மகள் கல்யாணத்துக்குள் மெலிய வேண்டும், நான் பார்மசியில் நிற்பவள்தானே என்று, எடை குறைக்கிற செமாகுளுடைட் ஊசிப் பேனா ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டாய். டாக்டரின் துண்டு இல்லாமல் தரமாட்டேன். கோபிக்காதே, காரணம் சொல்கிறேன்.

மகளின் உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 62 கிலோ என்கிறாய். கணக்குப் பார்த்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற அளவு, 25தான். இந்த மருந்தை எடை குறைக்க எழுதுவது வழக்கமாக 30க்கு மேலே இருந்தால். 27க்கு மேலே என்றால் சீனி வருத்தம், பிரஷர் போல ஏதாவது கூடவே இருக்க வேண்டும். அவளுக்கு அது எதுவும் இல்லை. கிழமைக்கு ஓர் ஊசி, 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு கிழமைக்கு ஒரு தடவை கூட்டிக் கூட்டி 2.4க்கு வரவே நாலு மாதம் ஆகும். அவசரப்பட்டுக் கூட்டினால் வாந்திதான். இன்றைக்கே தொடங்கினாலும் முழு அளவுக்கு ஏறுமுன் தாலி கட்டியாகிவிடும். அதுவரைக்கும் பிள்ளை வயிற்றைப் பிரட்டிக்கொண்டு விருந்து வீடுகளில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றி இந்த ஊசி விற்கிறவர்கள் பெண் பிள்ளைகளிடம் வாயே திறப்பதில்லை. குழந்தைக்கு யோசிப்பதென்றால் செமாகுளுடைட்டைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். உடம்பை விட்டுப் போக அவ்வளவு காலம் எடுக்கும். மவுன்ஜாரோ என்று வருகிற, இதே மாதிரி ஊசியான டிர்செபடைட்டோ கர்ப்பத்தடை மாத்திரையின் வேலையையே குறைத்துவிடும். தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் நான்கு கிழமைக்கு வேறு தடுப்பு வேண்டும். உன் சம்பந்தி அம்மாவோ சித்திரை வருமுன்னே "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

உனக்குத் தெரிந்த யாரோ இந்தியாவிலிருந்து பையில் கொண்டுவந்து டாக்டர் இல்லாமலே தருகிறார் என்று எழுதியிருந்தாயே, எனக்குத் தூக்கம் கெட்டது அதில்தான். இங்கே டியூஷன் கொடுக்கிற ஒரு பிள்ளை, வாட்ஸப்பில் பணம் கட்டி எடுத்த பேனாவைக் கொண்டுவந்து "அக்கா, இது சரிதானா?" என்றாள். லேபிளின் ஒரு மூலை கிளம்பி நின்றது. நகத்தால் தொட்டதும் சுருண்டு வந்துவிட்டது. அளவைத் திருப்பினால் இலக்கத் தண்டு பேனாவுக்கு வெளியே நீண்டது. செமாகுளுடைட் வருகிற அசல் ஓசெம்பிக் பேனாவில் அப்படி நீளாது. உள்ளே என்ன இருந்ததோ, எங்களிடம் பார்க்க வசதி இல்லை. 2023இல் ஆஸ்திரியாவில் இப்படிப் போலிப் பேனா போட்டவர்கள் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி, வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்கும் என்றுதான் சந்தேகம். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாகுளுடைட் பற்றி எச்சரித்தது. அந்தப் பிள்ளையைப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கொடுத்த காசு போனதுதான்.

அசலே என்றாலும், திறக்காத பேனா 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல வழியாக பஸ்ஸில் டிரைவர் பக்கத்து எஞ்சின் பெட்டி மேல் சூடு பிடித்து வருகிற பார்சலைப் பற்றி நான் என்ன சொல்ல?

மூலிகைத் தூள் என்று வருவதும் வேண்டாம். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் நிறுத்திய சிபுட்ரமின் என்கிற பழைய எடை குறைப்பு மருந்தை அப்படியான தூள்களில் பெயர் சொல்லாமல் கலந்து விற்று, பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள்.

மருந்தைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. நல்ல மருந்துதான். பெரிய ஆய்வில் 68 கிழமையில் சராசரி 15 வீதம் எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியும் வந்தது. அதனால் கல்யாணம் வரைக்கும் மட்டும் என்பது காசைக் கரியாக்குகிற வேலை.

உண்மையில் அந்த வீட்டில் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டியது நீ. பத்து வருஷச் சீனி, இதயத்தில் ஸ்டென்ட், எடையும் கூட. சீனியோடு இதய வருத்தமும் பருமனும் உள்ளவர்களுக்காகத்தான் 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. கேட்கப் போகும்போது கிளிக்ளசைட் சீனி மாத்திரை போடுவதை மறக்காமல் சொல்லு. இரண்டும் சேர்ந்தால் சீனி அதிகம் இறங்கலாம், அளவைக் குறைப்பார்கள். கண்ணையும் முதலில் காட்டு. சீனி சடாரென்று இறங்கும்போது பழைய கண் பாதிப்பு கூடுவதுண்டு. குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தொடங்கிய பிறகு மேல் வயிறு விடாமல் வலித்து முதுகுக்கு ஓடினால் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணி குடித்துக்கொண்டு இருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. கணையம் வீங்கியதாக இருக்கலாம்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் கிளினிக் நாளில் அரைநாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நின்று மெட்போர்மின் சீனி மாத்திரை வாங்கிப் போகிறார்கள். அவர்களில் பலருக்கு உன்னைப் போலவே சீனியும் இதயமும். இந்த ஊசியின் பெயரை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் அந்த விலைக்கு எங்கே போவார்கள்? இந்தியாவில் செமாகுளுடைட்டின் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்ததால் மலிவுப் பேனாக்கள் வரும். அவை முதலில் கிளினிக்குக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. வருவது கல்யாண வீடுகளுக்காகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

மகளிடம் நானே பேசுகிறேன், நம்பர் அனுப்பு. ஜாக்கெட்டுக்கு இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல். நீ டாக்டரைப் பார்த்ததும் அவர் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பு, அளவு சரியா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
ராணி