செப்டம்பர் மாதத்துப் பிட்சர்களுக்காக ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்தினருக்கும் ஆட்டக்காரர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் இடையிலான ஐந்தாண்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவடைகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சில் சம்பள உச்சவரம்பு, வருவாய்ப் பகிர்வு போன்ற பெரிய சிக்கல்களே நேரத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும் என்பது தெரிந்ததே. அவற்றில் நியாயம் யார் பக்கம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நான் கேட்பது அளவில் சிறியது. பருவத்தின் கடைசி மாதத்தில் ஓர் அணி தன் பிட்சர்களை (பந்தெறிபவர்களை) கீழ்நிலையான மைனர் லீக் அணிகளிலிருந்து எப்படி மேலே அழைக்கலாம், எப்படிக் கீழே அனுப்பலாம் என்ற விதியை நீங்கள் திருத்த வேண்டும். களைத்துப்போன கைக்கு ஓய்வு தர வேண்டுமானால், அந்தக் கைக்கு உரியவரை அணியிலிருந்தே இறக்கினால்தான் முடியும் என்ற நிலையை இன்றைய விதி உண்டாக்கி வைத்திருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான் என்றாலும், இம்மடலைப் படிக்கும் தமிழ் ரசிகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 வரை, ஐந்து மாதம் 25 பேருடன் ஆடிய அணி செப்டம்பர் 1 முதல் 40 பேர் வரை சேர்த்துக்கொள்ள முடிந்தது. வெற்றி தோல்வி முடிவாகும் மாதத்தில் மட்டும் ஆட்டம் வேறொரு ஆட்டமாக மாறியது. 2019 செப்டம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜயன்ட்ஸ் அணியும் கொலராடோ ராக்கீஸ் அணியும் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 16 இன்னிங்ஸ் ஆடியபோது இரு தரப்பிலுமாக 25 பிட்சர்கள் இறங்கினார்கள். அந்தக் கூத்தை நிறுத்த நீங்கள் கொண்டுவந்ததே இப்போதைய ஏற்பாடு: ஆகஸ்ட் இறுதி வரை 26 பேர், அதில் பிட்சர்கள் 13-க்கு மேல் கூடாது, செப்டம்பரில் 28 பேர், பிட்சர்கள் 14-க்கு மேல் கூடாது. அந்தத் திருத்தம் சரியானது, பழைய 40-க்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தலைகளை எண்ணுவதோடு அந்த விதி நின்றுவிட்டது. அந்தத் தலைகளில் எத்தனை பேரால் இன்றிரவு பந்தெறிய முடியும் என்பதை அது கேட்கவில்லை.

நடப்பது இதுதான். அக்டோபரில் நடக்கும் பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களில் இடம்பெறப் போராடும் ஓர் அணியின் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) இரண்டாவது இன்னிங்ஸிலேயே அடிவாங்கி வெளியேறுகிறார். மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் இருந்து அழைக்கப்படும் இளைஞர் நான்கு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்து, அறுபது பந்துகள் எறிந்து, மற்ற ரிலீவர்கள் (மாற்றுப் பிட்சர்கள்) எல்லோருடைய கையையும் அன்றிரவு காப்பாற்றுகிறார். அதனாலேயே அடுத்த மூன்று நான்கு நாள்களுக்கு அவரால் எறிய முடியாது. 14 இடங்களில் ஓர் இடம் நான்கு நாள் முடங்கிக் கிடப்பதை, களத்தில் அணியை நடத்தும் மேலாளரால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆட்டம் முடிந்து, தோளில் ஐஸ் கட்டோடு உட்கார்ந்திருக்கும் அவரை அறைக்குக் கூப்பிடுகிறார்கள். முதுகில் தட்டிப் பாராட்டுகிறார்கள். பிறகு, நாளை காலை விமானத்தில், மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள ட்ரிபிள்-ஏ அணிக்குப் போகச் சொல்கிறார்கள். அவர் இடத்துக்கு அங்கிருந்து களைக்காத கையோடு இன்னொருவர் கிளம்பி வருகிறார். அடுத்த வாரம் அந்த இன்னொருவருக்கும் இதுவே நடக்கும். மோசமாக எறிந்தவரைக் கீழே அனுப்புவதில் யாருக்கும் புகார் இல்லை. இங்கே கீழே போவது அன்றிரவு அணிக்கு மிக அதிகம் உழைத்தவர். இந்தப் பயணம் ‘ஆப்ஷன்’ (மற்ற அணிகளுக்கு வாய்ப்புத் தராமலே கீழே அனுப்பும் உரிமை) மீதமிருக்கும் இளையவர்களுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆப்ஷன் தீர்ந்த மூத்தவரைக் கீழே அனுப்ப முயன்றால் மற்ற அணிகள் அவரை வேவரில் (ஓர் அணி விடுபவரை மற்ற அணிகள் உரிமைகோரும் முறையில்) எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே அவருடைய இடம் பத்திரமாக இருக்கிறது.

இதில் ஆட்டக்காரர் இழப்பது கௌரவத்தை மட்டுமல்ல. 2026-ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 7,80,000 டாலர். நாள் கணக்கில் பார்த்தால் 4,000 டாலருக்கு மேல். கீழே இருக்கும் நாள்களுக்கு அந்தக் கணக்கு ஓடாது. ஒரு பருவத்தில் கீழே கழித்த நாள்கள் மொத்தமாக 20-ஐ எட்டிவிட்டால் பணிநாள் கணக்கும் நின்றுபோகும். 172 பணிநாள்கள் சேர்ந்தால்தான் ஓர் ஆண்டு. ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறவே 43 நாள்கள் வேண்டும். வருடம் முழுதும் மேலும் கீழும் போய்வரும் ஒரு ரிலீவருக்கு செப்டம்பரின் ஒவ்வொரு நாளும் எவ்வளவு பெறும் என்பதைச் சங்கத்தினருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

2022-இல் இதற்கு ஒரு மருந்து வைத்தீர்கள். ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் ஒருவரை ஆப்ஷனில் அனுப்ப முடியாது. கீழே போன பிட்சர் 15 நாள் அங்கேயே இருக்க வேண்டும். மருந்து பாதி வேலைதான் செய்கிறது. காயப் பட்டியலுக்குப் போகும் ஒருவருக்கு மாற்றாக வருபவருக்கு அந்த 15 நாள் விதி தளர்கிறது என்பதால், அணியில் யாருக்காவது தோள் வலி வரும் நேரம் சில சமயம் ஆச்சரியப்படும் அளவுக்கு வசதியாக அமைந்துவிடுகிறது. அது நேர்மையாக நடக்கும் இடங்களிலும் வேறொரு விளைவு உண்டு. ஐந்து முறை தீர்ந்தவரை அணி வேவரில் விடுகிறது. இன்னொரு அணி எடுக்கிறது, பத்து நாளில் அதுவும் விடுகிறது. ஒரே கோடையில் மூன்று நான்கு ஊர்களின் சட்டையை மாட்டிய ரிலீவர்கள் இன்று அபூர்வமில்லை. புதிய ஊரில் புதிய கேட்சர், புதிய பயிற்சியாளர், தங்குவதற்கு விடுதி அறை. தன் கை எந்த நிலையில் இருக்கிறது என்று உண்மையைச் சொல்ல அங்கே எந்தப் பிட்சருக்குத் துணிவு வரும்?

கை என்று சொல்லும்போது ஆணையர் அலுவலகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையையே எடுத்துக்கொள்ளலாம். 2005-இல் பிட்சர்கள் காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 212 முறை. 2024-இல் 485 முறை. வேகத்தையும் சுழற்சியையும் விரட்டி ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதே முதன்மைக் காரணம் என்று அந்த அறிக்கை சொல்கிறது. நான் அதை ஏற்கிறேன். ஆனால் அப்படி எறிபவர் யார், எதற்காக எறிகிறார்? இன்று ஓர் இன்னிங்ஸில் தன்னை நிரூபிக்காவிட்டால் நாளை விமானம் ஏற வேண்டும் என்று தெரிந்தவர், பலத்தை மிச்சம் வைத்து எறியமாட்டார்.

கிரிக்கெட்டில் வளர்ந்த எங்களுக்கு இந்தச் சிக்கலே சற்று விநோதமாகப் படுகிறது. அங்கே சுற்றுப்பயணத்துக்குப் பதினைந்து பதினாறு பேர் போவார்கள்; ஆட்டத்தன்று பதினொருவர் பெயர் அறிவிக்கப்படும். வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் களைத்திருந்தால் அந்த ஆட்டத்தில் அவர் பெயர் இருக்காது, அவ்வளவுதான். யாரும் அவரை ஊருக்கு அனுப்பமாட்டார்கள், சம்பளத்தையும் நிறுத்தமாட்டார்கள். உங்கள் நாட்டின் கால்பந்தான என்.எஃப்.எல்.-இலும் 53 பேர் பட்டியலில் இருக்க, ஆட்டத்தன்று களமிறங்கத் தகுதி பெறுபவர்கள் 48 பேர் வரைதான். பேஸ்பாலில் மட்டும் பட்டியலும் ஆட்டமும் ஒன்றாகவே இருக்கின்றன. நேற்று நூறு பந்துகள் எறிந்த ஸ்டார்ட்டர், இன்று வேலிமேல் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பதற்கும் ஓர் இடம் செலவாகிறது.

ஆகவே என் கோரிக்கை இது. செப்டம்பரில் மட்டும் பட்டியலை 30 ஆக்குங்கள். எல்லோருக்கும் முழுச் சம்பளமும் பணிநாளும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் அதிலிருந்து 25 பேரை மேலாளர் அறிவிக்கட்டும். அந்த 25-இல் பிட்சர்கள் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அன்று எறிய வேண்டியிராத நான்கு ஸ்டார்ட்டர்களும், முந்தைய இரவு உழைத்த ஒரு ரிலீவரும் வெளியே உட்காருவார்கள். இதனுடன் இன்னொரு விதி: ஓர் ஆட்டத்தில் 25 பந்துகளுக்கு மேல் எறிந்த பிட்சரை, அடுத்த மூன்று நாள்களுக்கு மைனர் லீகுக்கு அனுப்பக் கூடாது. அவர் அந்த மூன்று நாளும் ஓய்வெடுக்கிறார் என்றால், அது அவர் செய்த வேலையின் பகுதி.

புதிய ரிலீவர்கள் வரிசையாக வந்து இறங்கி ஆட்டத்தை இழுத்தடிப்பார்கள் என்று நீங்கள் அஞ்சலாம். இன்றைய 14-இல் ஐந்து ஸ்டார்ட்டர்களைக் கழித்தால் ஒன்பது ரிலீவர்கள். நான் சொல்லும் 10-இல் அன்றைய ஸ்டார்ட்டரைக் கழித்தாலும் ஒன்பதுதான். எண்ணிக்கை கூடவில்லை, அந்த ஒன்பது பேரும் எறியக்கூடிய நிலையில் இருப்பார்கள் என்பதே வேறுபாடு. பதினைந்தாவது இன்னிங்ஸில் ஆள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, கூடுதல் இன்னிங்ஸில் பிட்சரல்லாதவரும் எறியலாம் என்று உங்கள் விதியிலேயே பதில் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடும் என்பது உண்மை. காயப் பட்டியலில் கிடப்பவர்களுக்கு அணிகள் கொடுத்துவரும் தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிய சுமையல்ல. பழைய 40 பேர் விதியில் ஒரு நன்மை இருந்ததையும் மறுக்க முடியாது. 2002 செப்டம்பர் 18 அன்று முதல் ஆட்டம் ஆடிய இருபது வயது ஃபிரான்சிஸ்கோ ரொட்ரீகஸ், அந்த அக்டோபரில் பிளேஆஃப் ஆட்டங்களில் ஐந்து வெற்றிகளைத் தன் பெயரில் பெற்று ஏஞ்சல்ஸ் அணிக்கு இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் கிடைக்கக் காரணமானார். அத்தகைய ஒருவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 28-ஐ விட 30-இல் சற்றே அதிகம்.

பட்டியல் விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2012-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி, முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்ட ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்கை 159⅓ இன்னிங்ஸோடு செப்டம்பர் 8 அன்று நிறுத்தியது. 98 ஆட்டங்கள் வென்ற அணி, அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் 6-0 என்ற முன்னிலையை இழந்து 9-7 என்று தோற்றபோது, தன் சிறந்த பிட்சர்களில் ஒருவரை வெளியே உட்காரவைத்திருந்தது. அப்போது 40 பேர் விதி இருந்தது. இடப் பற்றாக்குறை ஒரு காரணமே அல்ல. வரம்பு இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தும், ஏப்ரல் முதல் வழக்கமான முறையில் இன்னிங்ஸைச் செலவழித்துவிட்டு, கணக்கு தீர்ந்ததும் கதவை மூடினார்கள். மூன்றாண்டு கழித்து நியூயார்க் மெட்ஸ் அணியில் இதற்கு நேர்மாறு நடந்தது. மாட் ஹார்விக்கு 180 இன்னிங்ஸ்தான் என்று அவருடைய முகவர் செப்டம்பரில் பகிரங்கமாகச் சொல்ல, ஊரே சண்டையிட்டது. கடைசியில் பிளேஆஃபையும் சேர்த்து அவர் எறிந்தது 216. வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காதவர், ஒன்பதாவதையும் தானே எறிவேன் என்று அணியினர் அமரும் டக்அவுட்டில் வாதாட, மேலாளர் டெர்ரி காலின்ஸ் மனமிரங்கினார். முதலில் ஒரு வாக் (எதிரணிக்கு இலவசமாக முதல் தளம்), அடுத்து ஒரு டபிள் (இரண்டாம் தளம் வரை கொண்டுபோகும் அடி). முன்னிலை கரைந்து, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் தொடரும் கைநழுவியது. ஸ்ட்ராஸ்பர்க், ஹார்வி இருவருமே பிற்காலத்தில் தோள்பட்டை நரம்பு நெருக்கத்துக்காக அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். நிறுத்தியது சரியா, விட்டது சரியா என்று இவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. செப்டம்பரில், தொலைக்காட்சி முன்னிலையில், முகவரும் பொது மேலாளரும் மாறி மாறிப் பேசி எடுக்கும் முடிவு மருத்துவ முடிவாக இராது என்பதை மட்டும் சொல்லலாம்.

2025-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி, ஐந்து டெஸ்டுகளில் ஜஸ்பிரீத் பும்ரா மூன்றில்தான் ஆடுவார் என்று பயணத்துக்கு முன்பே அறிவித்தது, அப்படியே நடந்தது. அதைத் திட்டியவர்கள் நிறைய. ஆனால் யாருக்கும் அது திடீர்ச் செய்தியாக வரவில்லை. அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு பிட்சருக்கும், அணியும் அவரும் சங்கத்தின் மருத்துவரும் மார்ச் மாதத்திலேயே அக்டோபர் வரைக்குமான திட்டம் எழுதிக் கையெழுத்திடும் வழக்கத்தை ஒப்பந்தத்தில் சேர்ப்பது பற்றி யோசியுங்கள்.

ஆகஸ்ட் கடைசி நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை இறுதிக்குப் பின் வீரர் பரிமாற்றம் இல்லை என்று 2019-இல் விதித்தீர்கள். ஆனால் ஆகஸ்ட் இறுதிக்குள் வேவர் வழியாக வருபவர் அக்டோபரில் ஆடலாம். 2023 ஆகஸ்டில் ஏஞ்சல்ஸ் அணி, ஒரு மாதம் முன்புதான் வாங்கிய லூகஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ் உட்பட ஆறு பேரை ஒரே நாளில் வேவரில் விட, ஜியோலிட்டோ, லோபஸ், மாட் மூர் என்ற மூன்று பிட்சர்களையும் கிளீவ்லண்ட் கார்டியன்ஸ் வாரிக்கொண்டது. அவர்களுக்கும் அது பயன்படவில்லை, பிளேஆஃப் எட்டவில்லை. ஆகஸ்டில் வேவர் வழியாக வருபவருக்கு அக்டோபரில் இடமில்லை என்று ஒரு வாக்கியம் எழுதினால் இந்தப் பின்வாசல் அடைபடும்.

இவற்றுள் 30 பேர் பட்டியலுக்கு ஓராண்டுச் சோதனை வேண்டும் என்று அணி உரிமையாளர்கள் கேட்கக்கூடும், கேட்பது நியாயமே. மூன்று நாள் விதிக்கு அப்படி எதுவும் தேவையில்லை. அதற்கு ஆகும் செலவு, ஏற்கெனவே உழைத்தவருக்கு மூன்று நாள் சம்பளம். பேச்சின் முதல் வாரத்திலேயே, மற்றவை எப்படிப் போனாலும், அதை மட்டுமாவது தனியாக எடுத்துக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் பேஸ்பால் ரசிகர்